வலது கைக்குச் சுடாத தண்ணீர்

எல்லப்பன் மாமா போய்விட்ட செய்தி வந்தபோது என் ஷேர் ஆட்டோ திருவொற்றியூர் தேரடியில் நின்றிருந்தது. உள்ளே ஆள் நிறைந்தாகிவிட்டது. இன்னும் ஒருவரை எந்த இடுக்கில் செருகலாம் என்று பார்த்தபடி "எண்ணூர் எண்ணூர்" என்று கத்திக்கொண்டிருந்தேன். போனில் பத்மா அக்கா.

"சேகரு, உங்க மாமா வலைய ஒதறிட்டு, கரையில கெடந்த போட்டு மேல சாஞ்சிகினு உக்காந்தாரு. எழுப்புறேன், எந்திரிக்கல."

"அந்த ஆளு எழுப்பினதும் என்னிக்கு எந்திரிச்சிகிறாரு?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டேன். அக்கா திட்டவில்லை. அவள் திட்டாததில் எனக்கு விஷயம் புரிந்தது.

அதற்குப் பிறகு செய்தியை நாலு பேருக்குச் சொல்வது பெரும்பாடாகிவிட்டது. நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தப் பெயரை நானே பாடுபட்டுச் சம்பாதித்து வைத்திருக்கிறேன். சென்னிமலையில் இருக்கும் பாவாயி அக்காவுக்குப் போன் போட்டேன். "போங் தம்பி! போன மாசம் நீங்களே செத்துட்டீங்கன்னு நீங்களே போன் பண்ணிச் சொன்னீங்களே" என்று சிரித்தார். நான் திருப்பிச் சிரிக்கவில்லை. பிறகு, "நெசமாலுமேங்களா?" என்று கேட்டவர் அழத் தொடங்கினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்டது. காரியத்துக்கு அச்சடித்த தாளில் மாமாவின் படம், பிறந்த நாள், மறைந்த நாள், கீழே கண்ணீருடன் குடும்பத்தார் பெயர்கள். மாமாவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் என் பொண்ணு திருத்துவாள். விஷயத்தில் பிழை இருந்தால் அவரோடு ஆற்றில் இறங்கிய நீங்கள் திருத்துங்கள்.

அவர் என் அக்கா புருஷன். எண்ணூர் ஆற்றில் இறாலும் மடவை மீனும் பிடித்துப் பிழைத்தவர். பேச்சு ரொம்பக் குறைவு. அவரை நான் 'கெளுத்தி' என்று கூப்பிடுவேன். மீசை இருக்கும், சத்தம் இருக்காது. ஒரு நாள் வலை போடும்போது கூடப் போனேன். போன நேரத்திலிருந்து பேசிக்கொண்டே இருந்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் கடைசியில் சொன்னார்: "சேகரு, மீனுக்குக் காது கீது. உனக்கு வாய் கீது. ரெண்டும் ஒரே எடத்துல ஆவாது." சொல்லிவிட்டு என்னைக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்கு அவருக்குக் கூடை நிறைய இறால். இதை ஊர் முழுக்க நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பாவாயி அக்கா யார் என்று சிலர் கேட்கலாம். கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் சாமியின் கவசத்தைக் கழற்றி மூன்று நாள் பார்க்க விடுவார்கள். அதற்காகச் சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஐந்து பெண்கள் வருடாவருடம் வருவார்கள். எல்லோரும் தறி நெய்கிறவர்கள். பாவாயி அக்காதான் தலைவி, அவர் தங்கை மயிலாத்தா வாய்த்துடுக்கு, மற்ற மூவரும் இந்த இரண்டு பேரும் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்கள். முதல் வருடம் கோயில் வாசலில் என் ஆட்டோவில் ஏறி, "ஏனுங் தம்பி, சமுத்திரம் எங்கிருக்குதுங்?" என்று கேட்டார்கள். எங்கள் குப்பத்துக்கு அழைத்து வந்தேன். என் வீட்டு மாடியறையில் தங்கினார்கள். அதிலிருந்து சாமிக்கு மூன்று நாள், எங்களுக்கு இரண்டு நாள் என்று ஆகிவிட்டது.

எண்ணூரை ஆசைப்பட்டுப் பார்க்க வருகிறவர்கள் உலகத்திலேயே இவர்கள் ஐந்து பேராகத்தான் இருப்பார்கள். நாங்கள் திட்டித் தீர்க்கும் அனல் மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்து, "கோபுரமாட்டம் நிக்குது பாருங்" என்பார்கள். ஆற்றுக்கு நடுவில் நிற்கும் கரண்டு டவர்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். அவர்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் ஊர் கொஞ்சம் அழகாக இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் சுடுதண்ணீர். அனல் மின் நிலையத்தில் இயந்திரத்தைக் குளிர வைத்த தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக வந்து எங்கள் ஆற்றில் விழும். மாமா அவர்களைப் போட்டில் ஏற்றிக்கொண்டு போய், அந்த இடம் வந்ததும் கோலை ஊன்றி நிறுத்தி, "கைய வையுங்க" என்பார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டு, ஒரே நேரத்தில் கூவுவார்கள். "வெந்நீருங்! நடு ஆத்துல வெந்நீருங்!"

"அடுத்த வருசம் சோப்பு எடுத்துகினு வாங்க, முதுகு தேய்ச்சி வுட மாமா கீறாரு" என்பேன். மாமா கோலாலேயே என்மேல் தண்ணீர் அடிப்பார்.

மீன் அந்தப் பக்கம் வருவதில்லை என்று அந்தச் சூட்டை எங்கள் ஆட்கள் திட்டுவார்கள். ஆனால் அதில் ஒரு பிரயோசனம் இருந்தது. பனியில், கனமழையில் கரை தெரியாவிட்டால் மாமா குனிந்து தண்ணீரில் கையை விடுவார். குப்பத்திலிருந்து ரயில் பாதைப் பக்கம் போகும்போது வலது கைக்குச் சூடு தெரிந்தால் வழி சரி. திரும்பி வரும்போது இடது கை. எங்கள் குப்பத்து ஆண்கள் எல்லோரும் இப்படித்தான். மற்ற ஊர்க்காரன் நட்சத்திரம் பார்ப்பான், நாங்கள் வெந்நீர் பார்ப்போம்.

இனி வெள்ளம் வந்த வருடத்துக்கு வருகிறேன். அதில் என் பங்கு ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் சாமி பார்த்து, எங்கள் வீட்டில் இரண்டு நாளும் தங்கி, ஐந்து பேரும் மூட்டை கட்டிவிட்டார்கள். புயல் வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "அனுப்பிடு சேகரு. காத்து சரியில்ல" என்றார்.

நான் நண்டு வாங்கி வைத்திருந்தேன். வருடத்துக்கு ஒரு முறை வரும் கூட்டம், சத்தம், சிரிப்பு, அதை விட எனக்கு மனசில்லை. "இந்த ஆளு வாயத் தொறந்ததே பெரிய அதிசயம், அதுக்கே மயை வந்துடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மயிலாத்தா, "ஏனுங், நண்டத் தின்னுபோட்டு நாளைக்குப் போலாமுங்" என்றார். மூட்டை அவிழ்ந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் போட்டை இரண்டு கயிறு போட்டுக் கட்டப் போனார்.

மறுநாள் ரயில் இல்லை. மழை, பேய்க்காற்று. அதற்கடுத்த நாள் விடிந்தபோது ஆறு எங்கள் தெருவுக்குள் இருந்தது. மேலே ஏரிகளைத் திறந்துவிட்டார்கள், கீழே கடல் பொங்கி நின்றுகொண்டு தண்ணீரை உள்ளே வாங்க மாட்டேன் என்றது. நடுவில் நாங்கள். குப்பத்து ஜனங்களை விடிகாலையிலிருந்தே போட்டில் ஏற்றி ரயில் பாதை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அக்காவும் என் சம்சாரமும் பொண்ணும் முதல் நடையிலேயே போய்விட்டார்கள். மாடியில் இருக்கிறவர்கள் கடைசியாகப் போகலாம் என்று நாங்கள் ஆறு பேரும் இருந்தோம்.

ஐம்பது வருடம் அந்தத் தண்ணீர்ப் பக்கத்திலேயே வாழ்ந்தவன் நான். அன்றைக்கு மாடியிலிருந்து பார்த்தபோது அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்கு அவசரம் இல்லை, கோபம் இல்லை. ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் புரண்டு படுப்பது போல எங்கள் தெருவின் மேல் வந்து படுத்துக்கொண்டது. யார் வீட்டு ஃபிரிட்ஜோ ஒன்று நின்றவாக்கிலேயே கோயில் பக்கம் போனது. என் ஆட்டோவின் மஞ்சள் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. மயிலாத்தாவே வாயை மூடிக்கொண்டார். படிக்கட்டில் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. தெற்குச் சுவரில் விரல் போகிற அளவு விரிசல். மேலே வெறும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

பத்து மணி போல மாமாவின் போட்டு எங்கள் மாடிப்படியில் வந்து முட்டி நின்றது. ஏற்றும்போது பாவாயி அக்கா செருப்பைக் கழற்றிப் படியில் விட்டார். மாமா போட்டில் யாரும் செருப்போடு ஏறக்கூடாது, அது எப்போதும் உள்ள வழக்கம். மற்ற நால்வரும் கழற்றினார்கள். ஐந்து ஜோடியும் வரிசையாக மிதந்து போயின. "உங்களுக்கு முன்னாடி அதுங்க ஊருக்குப் போய்ச் சேரும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

தண்ணீரில் ஆகாயத்தாமரை குப்பையாக வந்ததால் எஞ்சினைப் போட முடியவில்லை. மாமா கோல் ஊன்றினார், நான் துடுப்புப் போட்டேன். பத்து நிமிடத்தில் மழை இறங்கியது பாருங்கள், வெள்ளை வேட்டியை எங்களைச் சுற்றிக் கட்டியது போல. குப்பம் மறைந்தது. போட்டின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. மாமா குனிந்து வலது கையைத் தண்ணீரில் விட்டார்.

கொஞ்ச தூரம் போனோம். மறுபடி விட்டார். இன்னும் கொஞ்சம். மறுபடி. பெண்களும் தாமாகவே வலது பக்கம் கையை விட்டுக்கொண்டார்கள். ஐந்து கை, ஆறு கை, எதற்கும் சூடு தெரியவில்லை. அரை மணி நேரம் அந்தச் சூட்டைத் தேடினோம்.

அப்புறம் மாமா கோலைப் போட்டுக்குள் எடுத்து வைத்தார். எங்களை நேராகப் பார்த்தார்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார். "சுடுதண்ணிய நம்பி வந்துட்டேன். வெள்ளத்துல மிஷின நிறுத்தி வெச்சிகிறானுங்க போல. அத்த நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். இப்போ எங்க கீறோம்னு எனக்குத் தெரியல."

எங்கள் பக்கத்தில் ஆம்பளைகள் தப்புப் பண்ணுவது உண்டு. சொல்வது உண்டா என்று கேளுங்கள். சொன்னாலும் பின்னாலேயே ஒரு 'ஆனா' வரும். காற்றின் மேல், கவர்மெண்டின் மேல், பொண்டாட்டி மேல் போடுவோம். அவர் எதன் மேலும் போடவில்லை. சொன்னவர் குரல், மடவை நல்லா கீது என்று சொல்வது போலவே இருந்தது.

என் நாக்கு நுனியில் என் தப்பு வந்து நின்றது. இவர்களைப் போக விடாமல் பிடித்து வைத்தது நான்தானே. சொல்லியிருக்கலாம். "மாமா, டிக்கெட் காச திருப்பிக் குடு" என்றேன்.

பாவாயி அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவிடம், "சரிங். இப்ப என்ன பண்றதுங்?" என்று கேட்டார். ஒருவன் வழி தெரியவில்லை என்று சொன்ன பிறகு, அவனையே வழி கேட்கிறார். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் வந்தது.

மாமா தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்தார். துப்பினார். "தித்திக்குது" என்றார். நான் பிறந்ததிலிருந்து அந்த ஆறு உப்பு. அதற்கு மேல் மின் நிலையத்துச் சாம்பல். அந்த ஆறு தித்திக்கிறது என்றால், எங்கேயோ இருக்கும் மலையும் ஏரியும் வயலும் மொத்தமாகக் கிளம்பி எங்கள் போட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. அவர் ஒவ்வொரு பக்கமாக அள்ளி அள்ளி ருசி பார்த்தார். இடது பக்கம் வந்ததும் நின்றார். இன்னொரு தடவை அள்ளினார்.

"இந்தப் பக்கம் உப்பு தட்டுது. கடல் இங்க கீது. முகத்துவாரத்துக்கு இழுத்துகினு போவுது நம்மள."

சொல்லி முடிப்பதற்குள் மழைக்குள்ளிருந்து கரண்டு டவர் ஒன்று எங்கள் எதிரில் எழுந்து வந்தது. மாமா கயிற்றை அதன் காலில் வீசிச் சுற்றிப் பிடித்தார். போட்டு ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. டவரின் காலில் தண்ணீர் மோதும் சத்தம் ரயில் போவது போல இருந்தது. அந்த டவரை மட்டும் விட்டிருந்தால் அடுத்து கடல்தான். அது எல்லோருக்கும் புரிந்தது.

டவர் வரிசையை ஒட்டிப் பழைய உப்பளத்தின் வரப்பு ஒன்று ரயில் பாதை வரைக்கும் போகிறது. அது இப்போது தண்ணீருக்கு அடியில். அதைக் காலால் தேடிப் பார்க்கிறேன் என்று மாமா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். மறுமுனை என் கையில். இறங்கும்போது என்னிடம் சொன்னார்:

"சேகரு, பேசிகினே இரு. நிறுத்தாத. மயைல எனக்கு ஒண்ணும் தெரியாது. உன் சத்தம் கேட்டாத்தான் போட்டு எங்க கீதுன்னு தெரியும்."

முப்பது வருடமாக என் வாயை அடைக்கப் பார்த்த மனிதர். கழுத்தளவுத் தண்ணீரில் நான்கு எட்டு வைத்தார், மழை அவரை விழுங்கிவிட்டது.

நான் பேசினேன். என்னவெல்லாமோ பேசினேன். "யோவ் கெளுத்தி! எங்கய்யா போற? அக்காவ எந்த மூஞ்சிய வெச்சிகினு பாப்பேன்? உன் கல்யாணத்துல நீ தாலிய தலைகீழா கட்னவன்தானே?" என்று கத்தினேன். அவர் கல்யாணத்தில் நடந்தது, என் கல்யாணத்தில் அவர் சாப்பிட்ட இட்லி, அவர் குறட்டை, அவர் லுங்கி, ஒன்று விடவில்லை. தொண்டை கட்டிப்போனது. நான் மூச்சு வாங்கும் இடத்தில் மயிலாத்தா புகுந்தார்: "ஏனுங் மாமா, கெளுத்தி மாமோவ்! சீக்கிரம் வாங், உங்க மச்சான் உங்க மானத்த வாங்கறாருங்!" ஐந்து பேரும் கத்தினார்கள். கத்திக்கொண்டே சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். என் கையில் கயிறு தளரும், இறுகும், தளரும். ஒரு முறை ரொம்ப நேரம் தளர்ந்தே இருந்தது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. என்ன பேசினேன் என்றுதான் ஞாபகம் இல்லை.

மழைக்குள்ளிருந்து முதலில் அவர் கை வந்து போட்டின் விளிம்பைப் பிடித்தது. வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு அவர் சொன்னது, "வரப்பு கீது."

அதற்குப் பிறகு அவர் போட்டில் ஏறவேயில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் வரப்பின்மேல் நடந்தபடி எங்களை இழுத்தார். இறங்குகிறேன் என்று நான் சொன்னதற்கு, "உனக்கு வரப்பு தெரியாது. பாரம் ஒரே பக்கம் போவாம பாத்துக்கோ" என்றார். அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆள். ஆறு பேர் ஏறிய போட்டை, மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீருக்கு எதிராக, ஒரு அடி அகல மண்ணில் காலால் தடவித் தடவி இழுக்கிறார். முன்னால் அவர் தலை மட்டும் தெரிகிறது. தண்ணீர் ஏன் அவரைத் தள்ளிக்கொண்டு போகவில்லை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மத்தியானம் தாண்டி எங்கள் போட்டு ஜல்லிக் கல்லில் இடித்தது. மழை கொஞ்சம் விலகியிருந்தது. மேலே ரயில் பாதை. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று நடுவழியில் நின்றிருந்தது. அதன் வேகன்களுக்கு அடியில் எங்கள் குப்பமே உட்கார்ந்திருந்தது. ஆடுகள், நாய்கள், யாரோ தூக்கி வந்த டிவி, தண்டவாளத்தின் நடுவில் அடுப்பு மூட்டி டீ. அக்கா ஓடி வந்து மாமாவைப் பார்த்தாள். "ஏன் இம்மாம் நேரம்?" என்றாள்.

"வயி தப்பிட்டேன்" என்றார். டீயை வாங்கிக்கொண்டார். அதோடு அந்தக் கதை அவருக்கு முடிந்தது.

பாவாயி அக்கா பாதை மேட்டின் ஓரத்தில் நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். குப்பம் இல்லை, தெரு இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே நிறம், நடுவில் டவர் தலைகள். வருடாவருடம் ஆசையாக வந்து பார்த்த ஊர். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"எங்க வூட்ட முழுங்கின தண்ணி அக்கா அது. இன்னாத்துக்குக் கும்புடுறீங்க?" என்றேன்.

"பெருசா இருக்குதுங் தம்பி" என்றார் அவர், கையை இறக்காமல். "பெருசக் கண்டா கை தானா ஏறுதுங்."

பக்கத்தில் நின்ற மாமா தலையாட்டினார். "தண்ணிகிட்ட எனக்குக் கோவம் இல்ல. அது வர்றேன்னு சொல்லிட்டுத்தான் வந்துச்சி" என்றார். காற்று சரியில்லை என்று அவர் சொன்ன அந்த நாள் எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்கிறவரும் இல்லை.

சில மாதம் கழித்து, வெள்ளத்தில் ஜனங்களைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு மண்டபத்தில் சால்வை போட்டார்கள். மாமாவை மேடையில் ஏற்றி, இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள். அவர் பேசிய ஒரே மேடை அதுதான். "நான் அன்னிக்கு வயி தப்பிட்டேன். மிஷினு நிறுத்தியிருப்பான்னு யோசிக்கல. இனிமே மயைல போறவங்க சுடுதண்ணிய நம்பாதீங்க, ருசி பாருங்க" என்றார். மைக்கை வாங்கிக்கொள்ள வந்தவர் கைக்கு அகப்படாமல் இன்னொன்றும் சொன்னார்: "டவரு காலு துரு புடிச்சிகீது, அத்தயும் பாருங்க." நான் கீழே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் எங்கள் குப்பத்து ஆண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவனும் அந்தச் சூட்டை நம்பித்தான் இத்தனை நாள் போயிருக்கிறான். அன்றைக்கு அவன் அவன் கையை அவன் அவன் பார்த்துக்கொண்டான்.

அந்த ஐந்து பேரும் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த கார்த்திகைக்கு வந்து நின்றார்கள். தலையில் மூட்டைகள். குப்பத்தில் வீட்டுக்கு ஒரு போர்வை, அவர்களே நெய்தது. வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு, "மாமா, வெந்நீர் வந்துருச்சுங்களா?" என்று கேட்டுப் போட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். கையை விட்டார்கள். கூவினார்கள். திரும்பும் வழியில் அந்த டவர் வந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாமா கோலை நிறுத்தி, அவர்கள் உட்காரும்வரை காத்திருந்தார்.

பதினாறாம் நாளுக்கும் அவர்கள் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தபோது நான் எதிரில் போய் நின்றேன். கிண்டலாக ஏதோ வரும் என்று ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன்" என்றேன். "அந்த வருசம் மாமா உங்கள அனுப்பச் சொன்னாரு. நான்தான் சிரிக்க வெச்சி நிறுத்திட்டேன். நீங்க அந்தத் தண்ணில மாட்னது என்னால."

மயிலாத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தெரியுமுங்" என்றார். "அன்னிக்கே தெரியுமுங்."

"ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

பாவாயி அக்கா சொன்னார்: "ரயில் மேட்டுல வெச்சு நான் உங்க மாமாகிட்டக் கேட்டனுங், ஏனுங், உங்க மச்சான் ஒண்ணுமே சொல்லலீங்களேன்னு. அவரு சொன்னாருங், 'அவனே சொல்லுவான். கொஞ்சம் நாளாவும். பேசறவனுக்கு அது கஷ்டம்'னு."

அவர் காத்திருந்திருக்கிறார். ஒரு நாளும் கேட்கவில்லை, ஒரு பார்வையாலும் காட்டவில்லை. நான் சொல்லும்போது அவர் இல்லை.

போட்டும் வலையும் அவர் மகனுக்கு. சால்வை அக்காவின் பெட்டியில். எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது 'தப்பு பண்ணிட்டேன்' என்ற அந்த ஒரு பேச்சு மட்டும்தான். இதுவரை ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். காய்ந்த தரையில், பந்தல் நிழலில், என்மேல் கோபமே இல்லாத ஐந்து பேருக்கு முன்னால். அதற்கே நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுத் தண்ணீரில் ஆறு உயிரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே சொன்னபோது, அவர் குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட நான் கேட்கவில்லை.